சைட்டைத் தொடாதே மச்சான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பட்டறையில் ஒரு பழைய மோட்டாரின் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது குவீன்ஸ்லாந்திலிருந்து மாமா மகன் கூப்பிட்டான். அவன் அங்கே போய் ஒன்பது வருடமாகிறது, கனரக வண்டி மெக்கானிக். லீவு நாளில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவான், துப்பாக்கி கிடையாது, காம்பவுண்ட் வில்தான், இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். "மச்சான், வில்லுக்கு என்னமோ ஆயிடுச்சு. சாதா முனை போட்டா நேரா போகுது, பிராட்ஹெட் போட்டா இடப்பக்கம் ஓடுது, கொஞ்சம் கீழயும் இறங்குது. சரின்னு சைட்டை நகர்த்தினேன். இப்ப சாதா முனை வலப்பக்கம் போகுது."

பிராட்ஹெட் என்பது வேட்டைக்கான கத்தித் தகடு வைத்த முனை, சைட் என்பது வில்லில் குறிபார்க்கிற கருவி. எத்தனை மீட்டரில் எவ்வளவு விலகுகிறது என்று கேட்டேன். 20 மீட்டரில் இரண்டு விரல். 30 மீட்டரில் ஐந்து விரல். 40 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல்.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. சைட் மட்டும் தள்ளி இருந்தால் தூரம் இரட்டிப்பாகும்போது விலகலும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். இவனுக்கு அதைவிட வேகமாகக் கூடுகிறது. அப்படியென்றால் அம்பு தப்பான திசையில் கிளம்பவில்லை, போகும் வழியில் வளைந்துகொண்டு போகிறது. வளைந்து போகிற அம்புக்கு 20 மீட்டரில் சைட் வைத்தால் 40 மீட்டரில் பொய்யாகிவிடும். "சைட்டைத் தொடாதே. பழைய இடத்திலேயே வை. வில்லைச் சரி பண்ணுவோம்," என்றேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்தது பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில். காம்பவுண்ட் வில் பிடித்துப் பதினோரு வருடமாகிறது. இங்கே நான் வேட்டைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துத் திடலில், பின்னால் மண்மேடு இருக்கிற பக்கம் பலகையை வைத்து எய்வேன். எங்களோடு எய்கிறவர்கள் எல்லாரும் 50 மீட்டர் போட்டிக்காகப் பழகுகிறவர்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகக் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது, அந்தச் சந்தோஷம் எங்கள் திடலிலும் தெரிகிறது. ஆனால் போட்டியில் பிராட்ஹெட்டுக்கு வேலையில்லை. அதனால் இந்தச் சங்கதியைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதும் குறைவு, தமிழில் எழுதியதை நான் பார்த்ததே இல்லை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரி அவனோடு போனில் உட்கார்ந்து செய்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பிராட்ஹெட் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்பின் வாலில் மூன்று இறகு இருக்கிறது. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் காற்று அந்த இறகில் மோதி வாலைப் பின்னால் இழுத்து நேராக்கிவிடும். சாதா முனை வழவழப்பான உருண்டை, காற்றுக்குப் பிடி கொடுக்காது. பிராட்ஹெட்டில் இரண்டோ மூன்றோ கத்தித் தகடு விரிந்து நிற்கிறது. அதுவும் இறகுதான், ஆனால் தலையில் வைத்த இறகு. கோணலாகக் கிளம்பினால் வால் இறகு நேராக்கப் பார்க்கும், தலைத் தகடு அந்தக் கோணல் பக்கமே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். இன்றைய வில்லில் அம்பு விநாடிக்கு 80 மீட்டருக்கு மேல் பறக்கிறது, 40 மீட்டரைக் கடக்க அரை விநாடி. அந்த அரை விநாடிக்குள் நடக்கிற இழுபறி அது. சாதா முனை வில்லின் குறையை மறைத்துக் காப்பாற்றும். பிராட்ஹெட் உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிடும். அதனால்தான் அவனிடம் சொன்னேன், உன் பிராட்ஹெட்டில் கோளாறு இல்லை, அது உனக்குச் சேதி சொல்கிறது, கேள் என்று.

அம்பிலிருந்து ஆரம்பித்தோம். அவன் மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் சின்னத் தராசில் முனைகளை நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். சாதா முனை ஆறரை கிராம், பிராட்ஹெட் எட்டு கிராம். அதாவது அம்பு முனைக்கு எடை சொல்லும் கணக்கில் ஒன்று 100 கிரெய்ன், இன்னொன்று 125 கிரெய்ன். கீழே இறங்குவதில் ஒரு பங்குக்குக் காரணம் இதுதான். முன்பாரம் கூடினால் அம்பு கீழே விழுவது மட்டுமில்லை, கிளம்பும்போது தண்டும் கூடுதலாக வளையும். தண்டின் விறைப்புக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். அவனுடையது 340. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் 0.340 அங்குலம் தொய்கிறது என்று அர்த்தம். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். அவனுடைய 70 பவுண்டு இழுவைப் பாரமுள்ள வில்லுக்கு 340 சரியானதுதான். 125 கிரெய்னில் சாதா முனை ஒரு பாக்கெட் வாங்கிக்கொள், இரண்டும் ஒரே எடையில் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்றேன். மறுநாளே வாங்கிவிட்டான்.

அடுத்து, பிராட்ஹெட் பூட்டிய ஒவ்வோர் அம்பையும் சுழற்றிப் பார்ப்பது. இரண்டு கைவிரல் நகங்களை மேடையாக்கி அதன்மேல் தண்டை வைத்து ஊதினால் சுற்றும், முனை ஒரே புள்ளியில் நின்று சுற்ற வேண்டும். ஆறில் ஐந்து நன்றாக இருந்தன. ஆறாவது, முனையில் ஒரு சின்ன வட்டம் போட்டது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. வேறு பிராட்ஹெட்டை மாற்றிப் போட்டான், அதுவும் ஆடியது. அப்போது குற்றம் தலையில் இல்லை, தண்டின் வாய் சதுரமாக அறுக்கப்படவில்லை. அந்த அம்பில் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வைத்துவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். பிராட்ஹெட்டைக் கையால் முறுக்கக்கூடாது, அதற்கென்று வரும் சாவியைப் பயன்படுத்துங்கள். பழைய துணி அடைத்த அரிசிச் சாக்கிலும் அதை எய்யாதீர்கள், துணி தகட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வராது, இழுக்கிற கைதான் கிழியும். அடுக்கு ஃபோம் பலகை வேண்டும். ஒரே புள்ளியில் இரண்டு எய்தால் ஒன்றின் இறகை இன்னொன்று அறுத்துவிடும், அதனால் அம்புக்கு ஒரு புள்ளி.

இப்போது கை. இதில்தான் நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்தோம், உட்கார்ந்தது வீண் போகவில்லை.

பத்து அம்பு எய்துவிட்டு, வில் பிடித்த உள்ளங்கையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். கட்டைவிரல் மேட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கம் வரைக்கும் குறுக்கே சிவந்து கிடந்தது. மோட்டார் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி வில்லைப் பிடித்திருக்கிறான். காம்பவுண்ட் வில்லில் பாரம் முழுவதும் ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாக இருக்கிற சதையில்தான் இறங்க வேண்டும். ரேகையைத் தாண்டினால், நாண் விடும் கணத்தில் கை வில்லைத் திருகும். எவ்வளவு திருகும் என்பது அன்றைக்குக் கை எவ்வளவு களைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. விரல் முட்டிகள் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நிற்கட்டும், விரல்கள் தளர்ந்து தொங்கட்டும், வில் உள்ளங்கையில் சும்மா சாய்ந்திருக்கட்டும் என்றேன். "விட்டா கீழ விழுந்துடுமே மச்சான்," என்றான். மணிக்கட்டுக் கயிறு எதற்கு இருக்கிறது?

நான்கு நாள் வெறும் சாதா முனையிலேயே, 10 மீட்டரில், கையை மட்டும் கவனித்து எய்தான். ஐந்தாவது நாள் உள்ளங்கைப் போட்டோவில் ஓர் ஐம்பது காசு அளவுக்கு மட்டும் சிவந்திருந்தது, சரியான இடத்தில். அன்றைக்குப் பிராட்ஹெட் போட்டு 30 மீட்டரில் எய்தபோது எல்லாம் இன்னமும் இடப்பக்கம்தான் போயின. ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில், ஒரு கைப்பிடிக்குள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, பட்டறையில் பையன்கள் என்னண்ணே என்று கேட்கிற அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டேன். தினம் ஒரு மாதிரி தப்புகிற வில்லை யாராலும் திருத்த முடியாது. ஒரே மாதிரி தப்ப ஆரம்பித்துவிட்டால் பிறகு ஸ்பேனர் வேலைதான்.

இதை எனக்கு முதலில் கற்றுத் தந்தது வில் இல்லை, அப்பா. அவர் முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் கித்தாவை, அதாவது ரப்பரை, அழித்துச் செம்பனை போட்ட காலத்தில், சாய்த்துப் போட்ட ஒரு மரத்தில் என்னை வெட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும், உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைக்க வேண்டும், அதைத் தாண்டிக் கத்தி இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை புடைத்துப்போய் மறுபடி வெட்டவே முடியாது. நான் சீவியது ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் காகிதம் மாதிரியும் வந்தது. கத்தியைத் தீட்டித் தரவா என்று கேட்டேன். "கத்தி நல்லாத்தான் இருக்கு. முதல்ல உன் கை ஒரே மாதிரி வரட்டும், அப்புறம் கத்தியைப் பார்ப்போம்," என்றார். அவன் உள்ளங்கையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க அந்தச் சீவல்தான் ஞாபகத்தில் இருந்தது.

கை நின்ற பிறகு வில்லுக்கு வந்தோம். காம்பவுண்ட் வில்லின் இரண்டு முனையிலும் சுழல்கிற கேம் சக்கரம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரியில் ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் கண்டுபிடித்து 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை வாங்கியது இது. முழுக்க இழுத்ததும் பாரம் எண்பது விழுக்காடு போலக் குறைந்துபோவதற்குக் காரணம் இந்தக் கேம்தான். அவனுடைய வில்லில் இரண்டு கேமும் ஒரே நேரத்தில் தடுப்பில் போய் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால், நாண் பாயும்போது அம்பின் வால் மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகும். மனைவியை விட்டு ஸ்லோமோஷனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். மேல் கேம் ஒரு நூல் முந்தி முட்டியது. வில்லை வாங்கிய கடையில் இதைப் பார்த்துத் தந்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இதை வீட்டில் செய்யாதே, அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டும், இழுவிசையோடு இருக்கிற கேபிளைக் கழற்றினால் முகத்தில் அடித்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டு மணி நேரம் காடி ஓட்டிப்போய் வேறொரு கடையில் கேபிளை அரைச் சுற்று முறுக்கி வாங்கி வந்தான். அரைச் சுற்றுதான்! திரும்பி வந்ததும் இரண்டு அச்சுக்கும் இடையில் உள்ள நீளம், கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, நாணில் அம்பின் வால் மாட்டும் இடத்தில் கட்டிய சின்னக் கயிற்று வளையமான டி-லூப்பின் உயரம் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதினான். நாண் நாளாக நாளாக நீளும், அப்போது எது மாறியது என்று கண்டுபிடிக்க இந்த எண்கள்தான் துணை.

அம்பை வில்லில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அது ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் கருவி) பூட்டும் துளையின் நடுவே, நாணுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் வில்லின் நடுக்கட்டையான ரைசரிலிருந்து தண்டின் நடு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். இது ஆரம்பிக்கும் இடம் மட்டுமே, கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். பிறகு இறகிலும் ரெஸ்ட்டிலும் பிள்ளைக்குப் போடுகிற பவுடரைத் தூவி ஓர் அம்பு எய்து பார்த்தான். பவுடரில் கோடு எதுவும் விழவில்லை, இறகு எங்கும் உரசவில்லை. நல்லது.

இரண்டு மீட்டர் தூரத்தில் காகிதத்தைச் சட்டத்தில் கட்டி அதன் ஊடே எய்து கிழிசலைப் பார்க்கிற வழக்கம் உண்டு. வால் மேலே கிழித்திருந்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்று, அல்லது டி-லூப்பைக் கொஞ்சம் இறக்கு. அவனுக்குக் கிழிசல் மேலே சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. காகிதம் நல்ல ஆரம்பம், ஆனால் அதிலேயே நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர், எனக்கு அதில் உடன்பாடில்லை. காகிதம் சொல்வது இரண்டு மீட்டர் கதை. 30 மீட்டர் கதையை இறகில்லாத தண்டும் பிராட்ஹெட்டும்தான் சொல்லும். இங்கே நான் எனக்குச் செய்வதும் அதுதான், ஓர் அம்பின் இறகை உரித்துவிட்டு, இறகு உள்ளவற்றோடு சேர்த்து 20 மீட்டரில் எய்வேன், இரண்டும் ஒன்றாகப் போய் விழுகிற வரைக்கும்.

ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் எல்லாருக்கும் குழப்பம் வரும், அவனுக்கும் வந்தது. சாதா முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாக ரெஸ்ட்டை நகர்த்து, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். பிராட்ஹெட் இடப்பக்கம் போனால் ரெஸ்ட் வலப்பக்கம். பிராட்ஹெட் கீழே போனால் ரெஸ்ட் மேலே. வலக்கைக்காரனுக்கும் இடக்கைக்காரனுக்கும் ஒரே விதி. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே திசை, முதலில் மேல்கீழ், அது முடிந்த பிறகு இடவலம். நகர்த்தியதும் சாதா முனை மூன்று, பிராட்ஹெட் மூன்று, மாற்றி மாற்றி எய். களைப்பாக இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு, களைத்த கையில் எடுத்த கணக்கு அடுத்த நாள் வேலையையும் கெடுக்கும். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் தள்ளியும் சேரவில்லை என்றால் ரெஸ்ட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும், கேம் சாய்ந்திருக்கலாம், தண்டின் விறைப்பு பொருந்தாமல் இருக்கலாம்.

அவனுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மேலே அரை மில்லிமீட்டர் ஒரு தடவை. வலப்பக்கம் அரை, இன்னோர் அரை, பிறகு ஒரு கால். அந்தக் கடைசிக் கால் மில்லிமீட்டருக்கு அப்புறம் 40 மீட்டரில் இரண்டு வகை முனையும் மூன்று விரலுக்குள் வந்து நின்றன. எல்லாமே புள்ளிக்கு ஒரு சாண் வலப்பக்கம். "இப்ப தொடலாமா மச்சான்?" என்று கேட்டான். "இப்ப தொடு," என்றேன். சைட் நகர்ந்தது அன்றைக்குத்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று என் தங்கை கேட்டாள். பன்றிதானே என்றாள். அவளுக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, லயத்துக்குப் பின்னால் ஓடைக் கரையில் யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு பன்றி பின்னங்காலில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தியது. இருட்டில் கிட்டே போக யாருக்கும் தைரியமில்லை. விடிந்து பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்து ஆட்கள் போய்ப் பார்த்தபோது காலை அறுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது, கம்பியில் மயிரும் தோலும் மட்டும் ஒட்டிக் கிடந்தன. அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில் சாய்ப்பதில்லை, வெட்டி ரத்தம் போக்கித்தான் கொல்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் நேராக இறங்கினால் சில விநாடியில் முடிந்துவிடும். கோணலாகப் போய்ப் பட்டால் விசையில் ஒரு பங்கு தண்டை வளைப்பதிலேயே செலவாகி ஆழம் இறங்காது, ஒரு சாண் தள்ளிப் பட்டால் வயிற்றில் அம்போடு புதருக்குள் ஓடும். எங்கேயோ ஒரு புதரில் ஓர் உயிர் அந்த மாதிரி ராத்திரி முழுக்கக் கத்தக்கூடாது. இதை முதல் நாளே அவனிடம் சொன்னேன், இந்த நிபந்தனையில்தான் உதவி செய்கிறேன் என்றும் சொன்னேன். அவனும் அந்த ஓடைக் கரையில் வளர்ந்தவன்தான், புரிந்துகொண்டான்.

இப்போது அவன் 50 மீட்டருக்கும் சைட் வைக்கட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தினம் காலையில், கை சூடேறுவதற்கு முன்னால், ஒரே ஓர் அம்பு, பிராட்ஹெட், 30 மீட்டர். இரண்டாவது அம்பு கிடையாது, காட்டிலும் கிடைக்காது. பட்ட இடத்தைப் போட்டோ எடுத்துத் தேதியோடு எனக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே ஐந்து மணி, நான் பசியாறக் கடைக்குக் கிளம்புவதற்குள் வந்துவிடுகிறது. இதுவரை ஆறு நாள் ஆகியிருக்கிறது. ஐந்து அம்பு உள்ளங்கைக்குள். செவ்வாய்க்கிழமை விட்டது மட்டும் நான்கு விரல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. நான் ஏதும் கேட்பதற்கு முன்னாலேயே அடுத்த போட்டோவும் வந்துவிட்டது, அவன் உள்ளங்கை, குறுக்கே சிவந்த கோடு, கீழே ஒரே வார்த்தை: பிடி.